தனி அறையில் ஒன்பது பேர்

ஏப்ரல் 17, வியாழக்கிழமை, காலை எட்டு ஐந்துக்கு, கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறையில், சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரி கழற்றப்பட்டது.

கழற்றியவர் தேர்வுப் பொறுப்பாளர். இருபத்தாறு வருடமாகப் பொருளியலும் புள்ளியியலும் நடத்துகிறவர். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அரைமணி. தேர்வு நடக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை, எதிர்க் கட்டடத்துக்கும் சேர்த்துச் சொல்வதுபோல, கழிந்த நேரத்தை அறிவிப்பது அவர் வழக்கம். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். அதில் ஒரு மரியாதை இருப்பதாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஏதாவது கேக்குதா?" என்றார், ஸ்டூலின் மேல் நின்றபடியே.

கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் காதைச் சாய்த்துக் கேட்டான். "ஃபேன் சத்தம் கேக்குது சார்."

"அஞ்சு நிமிஷம் முன்னால அது கேக்கலையே."

"அப்ப கடிகாரம் சத்தம் போட்டுட்டு இருந்துது. இப்பத்தான் ஃபேனுக்கு வழி கிடைச்சிருக்கு."

அரைமணி இறங்கி, பேட்டரியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மேசை மேல் மாணவர் ஆதரவு மையத்திலிருந்து வந்த கடிதம் கிடந்தது. மூன்று நாளாக அதைப் படித்துப் படித்து அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. பதிவெண் நாற்பத்தேழு உள்ள மாணவி ஆட்டிசம் உடையவர். ஒலியையும் ஒளியையும் மற்றவர்களைவிடப் பல மடங்கு கூர்மையாக உணர்பவர். அவர் அமைதியான சூழலில், ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசத்துடன் தேர்வெழுத ஆவன செய்யவும். கைப்பேசியில் அழைக்க வேண்டாம், தகவல் எதுவானாலும் எழுத்தில் தெரிவிக்கவும்.

கடிதத்தில் அறை என்ற சொல்லே கிடையாது. ஆனால் அந்தக் கல்லூரியில் எந்தக் கடிதம் வந்தாலும் அதற்கு ஓர் அறை ஒதுக்குவதுதான் வழக்கம். தேர்வுக் குழு கூடி, தனி அறை என்று முடிவு செய்தது.

நாற்பத்தேழு இதே புள்ளியியல் தேர்வைப் போன வருடம் இரண்டு முறை எழுத வந்தாள். இரண்டு முறையும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, விடைத்தாளைக் கவிழ்த்து வைத்து எழுந்து போய்விட்டாள். முதல் அரை மணி நேரத்துக்கு யாரையும் வெளியே விடக் கூடாது என்பது விதி. விட்டால் போதும் என்று அவள் காத்திருந்து போனதாகவே எல்லாரும் நினைத்தார்கள். இது மூன்றாவது முறை. இதிலும் எழுந்து போனாலோ, வராமல் இருந்தாலோ பட்டப் படிப்பிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள்.

அரைமணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றால் சரி, விட்டுவிடலாம். இவள் விஷயம் அப்படி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், இரண்டு கரும்பலகை நிறைய அவர் ஒரு கணக்கைப் போட்டு முடித்தபோது, காதில் ஹெட்ஃபோனோடு மூலையில் உட்கார்ந்திருந்த இந்தப் பெண் மேசையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டுப் போனாள். 'மூன்றாவது வரியில் 0.4 என்பது 0.04.' அவ்வளவுதான். பதினோரு வருடமாக அவர் அந்தக் கணக்கைத் தப்பாகவே நடத்தி வந்திருக்கிறார். பதினோரு வருடப் பிள்ளைகளும் அதைத் தப்பாகவே எழுதி, அவரும் சரி என்று மதிப்பெண் போட்டிருக்கிறார். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து வகுப்பில் எதை எழுதினாலும் ஓரக்கண்ணால் அந்த மூலையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்.

அப்படிப்பட்டவள் புள்ளியியலில் தோற்று வீட்டுக்குப் போவதா?

எலக்ட்ரீஷியன் மின்விசிறிக்கு எண்ணெய் விட்டான். கிரீச்சென்ற சத்தம் நின்றது. எண்ணெய் இரண்டு சொட்டு, அவள் எழுதப்போகும் மேசையில் விழுந்தது.

"இப்ப?" என்றார் அரைமணி, எண்ணெயைக் கைக்குட்டையால் துடைத்தபடி.

"டியூப்லைட் ரீங்காரம் போடுது சார்."

"அணை."

அணைத்தான். அறை இருட்டாகிவிட்டது. அரைமணி ஜன்னலைத் திறந்தார். வெளியே தோட்டக்காரர் புல் வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பினார்.

அரைமணி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார். "அண்ணே, இன்னிக்கு இத நிறுத்துங்க. இங்க சத்தமே கூடாது."

"நீங்க போடுற சத்தத்துல நீங்க சொல்றது எனக்குக் கேக்கல சார்," என்றார் தோட்டக்காரர். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "மாசத்துல ஒரு நாள்தான் மெஷினு தர்றாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான். எழுத்துல குடுங்க, நிறுத்துறேன்," என்றார்.

அரைமணி அதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆதரவு மையத்து ஆலோசகர் வந்துவிட்டாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மார்போடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு, குழந்தை தூங்கும் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்தாள்.

"ரொம்ப நல்லாருக்கு சார் ரூம். ஆனா ரெண்டு சூப்பர்வைசர் வேணுமே. எங்க உக்காருவாங்க?"

"ஒரு பொண்ணு எழுதுறதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"தனி அறைன்னு போட்டுட்டா ரெண்டு பேர் கட்டாயம் சார். ஒருத்தர் லேடியா இருக்கணும். ரூல் புக்ல இருக்கு." விரலை வைத்துக் காட்டினாள். இருந்தது.

அரைமணியின் கைப்பேசி ஒலித்தது. கூப்பிட்டது கல்லூரி முதல்வரம்மா. "சார், நம்ம யுனிவர்சிட்டியிலேயே இதுதான் முதல் தனி அறையாம். அங்கேயிருந்து தேர்வுப் பார்வையாளர் நேர்ல வர்றாராம். போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில போடணும். நீங்க போய் அந்த லைப்ரரி ஸ்டோர் ரூமைக் காட்டி மானத்த வாங்காதீங்க. மாடியில கூட்ட அறைக்கு மாத்துங்க."

"மேடம், அங்க ஏசி இருக்கு, சத்தம் போடுமே."

"ஏசி இருக்கிறது ஒரு குறையா சார்?"

எட்டே முக்காலுக்கு நூலகத்துப் பின்னறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 'தனி அறை மாற்றப்பட்டது. பார்க்க: முதல் தளம், கூட்ட அறை.' ஏற்கெனவே பெரிய ஹாலின் வாசலில், 'பதிவெண் 47: பார்க்க: நூலகப் பின்னறை' என்று ஒன்று ஒட்டியிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று அரைமணி நினைத்தார். நினைத்ததோடு சரி.

கூட்ட அறையில் இருபது நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் நகர்த்தினால் ஒவ்வொரு விதமாக அலறியது. பெரிய ஹாலில் மேற்பார்வைப் பணிக்குப் போய்க்கொண்டிருந்த உடற்கல்வி ஆசிரியரை அரைமணி வழியில் மடக்கினார்.

"மாஸ்டர், நாற்காலிக் காலுக்கு மாட்ட ஏதாவது இருக்கா?"

"பழைய டென்னிஸ் பால் ஒரு மூட்டை கிடக்கு சார். கீறி மாட்டிட்டா கம்முனு ஆயிரும்," என்றார் உடற்கல்வி ஆசிரியர். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்க வேண்டும் என்று முப்பது வருடம் பழகிய குரல். கழுத்தில் விசில் தொங்கியது.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"மெதுவாத்தான் சார் பேசுறேன்."

மூட்டை வந்தது. எண்பது கால்களுக்கு எண்பது பந்து. உடற்கல்வி ஆசிரியர் கத்தியால் கீற, ஆலோசகர் மாட்ட, அரைமணி நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். நாற்காலி சத்தம் போடவில்லை. ஆனால் உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது.

"அவ ஒல்லியான பொண்ணு சார். வழுக்காது," என்றாள் ஆலோசகர்.

ஏசியைப் போட்டால் ஊம் என்று உறுமியது. அணைத்தால் ஜன்னலே இல்லாத அறையில் ஐந்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டியது. நடுவாந்தரமாக வைத்தால், உறுமுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து உறுமியது. அது முன்னதைவிடத் தாங்க முடியாமல் இருந்தது. அரைமணி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். எல்லாம் இந்த வயதில் வந்து சேர்கிறது என்று நினைத்தார். முன்பெல்லாம் தேர்வு என்றால் ஒரு ஹால், ஒரு கட்டு வினாத்தாள், ஒரு மணி. மணி என்றதும்தான் ஞாபகம் வந்தது. கைப்பேசியில் அட்டெண்டரைக் கூப்பிட்டார்.

"பத்து மணிக்கு எலக்ட்ரிக் பெல் அடிக்கக் கூடாது, புரியுதா? ஃபியூஸையே புடுங்கி வச்சிரு."

"அப்ப கீழ ஹால்ல பரீட்சை ஆரம்பிக்கிறது எப்படி சார் தெரியும்?"

"கையைக் காட்டு. போதும்."

ஒன்பது இருபதுக்குப் பார்வையாளர் வந்தார். ஒடிசலான மனிதர். வாயில் இருமல் மிட்டாய். மடித்த மிட்டாய்த் தாளை விரலிடுக்கில் வைத்து நிரடிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கேமரா எங்க?"

"என்ன கேமரா?"

"தேர்வு நடக்கிற எந்த அறையிலயும் கேமரா இருக்கணும். பெரிய ஹால்ல இருக்குல்ல? இங்கயும் இருக்கணும். இல்லன்னா தேர்வு செல்லாது."

செல்லாது என்ற சொல்லைக் கேட்டதும் அரைமணி கைப்பேசியை எடுத்தார். பத்து நிமிடத்தில் கேமராக்காரன் வந்தான். ஏணியைச் சாய்த்தான். துளைக் கருவியைச் சுவரில் வைத்து அழுத்தினான். கட்டடமே பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் எழுந்தது.

அதே நேரத்தில் அறை வாசலில் உடற்கல்வி ஆசிரியர் ஆணி அடிக்கத் தொடங்கினார்.

"நீங்க என்ன மாஸ்டர் பண்றீங்க?" என்று அரைமணி ஓடி வந்தார். அவர் ஓடும்போது இடுப்பில் பதினேழு சாவிகளும் சேர்ந்து ஓடின.

"முதல்வரம்மா போர்டு மாட்டச் சொன்னாங்க சார்." பலகையைத் திருப்பிக் காட்டினார். 'அமைதி காக்கவும்.'

அரைமணி பலகையைப் படித்தார். "சீக்கிரம் அடிச்சு முடிங்க," என்றார்.

பெண் மேற்பார்வையாளர் வேண்டும் என்பதால், கீழே பெரிய ஹாலில் பணியில் இருந்த வணிகவியல் ஆசிரியையைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் குதிகால் உயர்ந்த செருப்போடு படியேறி வரும் சத்தம், முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை எண்ணும்படிக் கேட்டது.

"ஹால்ல யார் இருக்கா?" என்றார் அரைமணி.

"வரலாற்று சார் இருக்கார். வினாத்தாள் எல்லாத்தையும் சீட்டிங் பிளான்படி மேசையில கவுத்து வச்சாச்சு. நிம்மதியா இருங்க."

உண்மையில் அந்த நேரத்தில் வரலாற்று ஆசிரியர் ஹாலில் இல்லை. கூடுதல் ஒரு மணி நேரம் என்றால் மேற்பார்வையாளருக்கு மாற்று ஆள் வேண்டுமே என்று ஆலோசகர் விதியைக் காட்ட, முதல்வரம்மா அவரை நேராகவே மேலே வரச் சொல்லிவிட்டார். ஹாலில் வணிகவியல் ஆசிரியை இருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு அவர் வேறு படி வழியாக வந்து சேர்ந்தார். நிமிடத்துக்கு ஒரு தடவை, சொற்பொழிவு தொடங்கப்போகிறவரைப் போலத் தொண்டையைக் கனைப்பவர். பரபரப்பில் இருந்த அரைமணிக்கு, அறைக்குள் வந்து உட்கார்ந்தவர் யார், எங்கிருந்து வந்தவர் என்றெல்லாம் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒன்பது ஐம்பதுக்கு நர்ஸம்மா ஒரு தகரப் பெட்டியோடு நுழைந்தாள்.

"உங்கள யாரு கூப்பிட்டா?"

"ஏதாவது ஆச்சுன்னா பாக்கச் சொன்னாங்க. யாருக்கு ஆச்சு?"

"இன்னும் யாருக்கும் ஒண்ணும் ஆகல."

நர்ஸம்மா அவர் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உக்காருங்க. கைய நீட்டுங்க." அவர் மறுப்பதற்குள் பட்டையைச் சுற்றி, புஸ் புஸ் என்று அழுத்தத் தொடங்கினாள். "நூத்தி அறுபது இருக்கு. காலையில மாத்திரை போட்டீங்களா?"

"காலையில காபியே குடிக்கல நர்ஸம்மா."

அப்போது முதல்வரம்மா புகைப்படம் எடுக்க வந்துவிட்டார். எல்லாரையும் சுவரோரம் நிற்க வைத்தார். நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு வினாத்தாள், ஒரு விடைத்தாள், இரண்டு பேனா. சுற்றிலும் அரைமணி, ஆலோசகர், உடற்கல்வி ஆசிரியர், வணிகவியல் ஆசிரியை, வரலாற்று ஆசிரியர், ஏணியோடு கேமராக்காரன், பெட்டியோடு நர்ஸம்மா, பார்வையாளர், முதல்வரம்மா. ஆக மொத்தம் ஒன்பது பேர்.

"பொண்ணு உக்காந்ததும் இன்னொண்ணு எடுக்கலாம்," என்றார் முதல்வரம்மா.

மணி பத்தாயிற்று. மின்மணி அடிக்கவில்லை. பெண் வரவில்லை.

"எல்லாரும் குசுகுசுன்னு பேசுங்க," என்றார் அரைமணி.

எல்லாரும் குசுகுசுவென்று பேசினார்கள். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் குசுகுசுத்தால் மழை பெய்வதுபோல இருக்கிறது. அதற்கு நடுவே வரலாற்று ஆசிரியரின் கனைப்பும், மிட்டாய்த் தாளின் சரசரப்பும், வணிகவியல் ஆசிரியை குறுக்கும் நெடுக்கும் நடக்கும் டொக் டொக்கும் கேட்டன. உடற்கல்வி ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். வழுக்கிப்போய்ச் சுவரில் இடித்தார். விசில் தானாக ஒரு முறை ஊதியது.

"பத்து அஞ்சு," என்றார் அரைமணி. சத்தமாகத்தான் சொன்னார்.

"போன் பண்ணிப் பாருங்க," என்றார் முதல்வரம்மா.

"போன் பண்ணக் கூடாது மேடம். கடிதத்துல இருக்கு. மெசேஜ்தான்," என்றாள் ஆலோசகர்.

"பண்ணுங்க."

பண்ணினார்கள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. குறுஞ்செய்தி அனுப்பினார்கள். போய்ச் சேரவில்லை.

பத்து பத்துக்கு உடற்கல்வி ஆசிரியரை வாசல் கேட்டுக்கு அனுப்பினார்கள். பத்து பதினைந்துக்குத் திரும்பி வந்தார். "கேட்ல யாரும் இல்ல சார். தோட்டக்காரர் மட்டும் உக்காந்திருக்கார். எழுத்துல குடுத்தது போதாதாம், சீல் வேணுமாம்."

"நூலகப் பின்னறையில பாத்தீங்களா?"

"பாத்தேன். இருட்டா இருக்கு."

"பஸ்ஸு கிஸ்ஸு தாமதமோ?" என்றாள் நர்ஸம்மா.

"அவ எப்பவும் அரை மணி முன்னாலயே வந்துருவா," என்றார் அரைமணி. மூன்று வருடத்தில் அவள் வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தாமதமாக வந்து அவர் பார்த்ததில்லை. வரவில்லை என்றால், வரப்போவதில்லை என்றுதான் அர்த்தம்.

"ராத்திரியே பயந்திருப்பா பாவம்," என்றாள் வணிகவியல் ஆசிரியை.

"இவ்வளவு பண்ணியும் வரலைன்னா நாம என்ன பண்றது?" என்றார் முதல்வரம்மா. "நம்ம பக்கம் எந்தக் குறையும் இல்லன்னு போட்டோவுல தெரியும்."

அரைமணிக்கு முதல்வரம்மா மேல் கோபம் வந்தது. ஆலோசகர் மேலும், விதிப் புத்தகத்தின் மேலும் வந்தது. கடைசியில், வராமல் போன அந்தப் பெண் மேலேயே வந்தது. சத்தம் என்றாள், சத்தத்தை நிறுத்தினோம். காலையிலிருந்து கடிகாரம், விசிறி, விளக்கு, புல் வெட்டும் இயந்திரம், எண்பது நாற்காலிக் கால், கல்லூரி மணி என்று ஒவ்வொன்றின் வாயையும் அடைத்தாயிற்று. இன்னும் என்னதான் செய்வது? ஒரு மனிதன் உலகத்தையே அணைத்து வைக்க முடியுமா?

பத்து இருபத்தெட்டு. பார்வையாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"பத்தரைக்கு மேல அனுமதி கிடையாது. ஆப்சென்ட் போட்டுருங்க."

"சார், இன்னும் ஒரு பத்து நிமிஷம்," என்றார் அரைமணி. "இது அந்தப் பொண்ணுக்குக் கடைசித் தடவை. இன்னிக்குப் போச்சுன்னா மூணு வருஷப் படிப்பும் போச்சு. பத்தே நிமிஷம் சார். வெயில்ல எங்கயாவது நின்னுட்டு இருக்கும்."

"எனக்கும் பொண்ணு இருக்கு சார்," என்றார் பார்வையாளர். மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "விதி அப்படி."

பத்து முப்பத்தொன்று ஆயிற்று. ஏசி மட்டும் யோசித்து யோசித்து உறுமிக்கொண்டிருந்தது.

வருகைப் பதிவுத் தாள் கீழே பெரிய ஹாலில் இருந்தது. நாற்பத்தேழு என்ற எண்ணுக்கு நேராகச் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பொறுப்பாளர்தான் செய்ய வேண்டும். அரைமணி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான்கு படி இறங்கியதும்தான் மூளையில் ஏதோ சுருக்கென்று தைத்தது. திரும்பி மேலே பார்த்தார். வணிகவியல் ஆசிரியை மேலே இருக்கிறாள். வரலாற்று ஆசிரியர் மேலே இருக்கிறார். உடற்கல்வி ஆசிரியரும் மேலே இருக்கிறார்.

அப்படியானால் ஹாலில் யார்?

நாற்பத்தெட்டுப் பேர் அமரும் ஹால். அரை மணி நேரமாக ஒரு மேற்பார்வையாளர்கூட இல்லை. பார்வையாளர் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெண்ணின் படிப்பு போனதோடு இல்லாமல், இப்போது எல்லாருடைய தேர்வும் செல்லாது. சந்தைக்கடைபோல இருக்கும் உள்ளே. பிட்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பறந்துகொண்டிருக்கும். அவர் தாழ்வாரத்தில் ஓடினார். சாவிகள் ஓடின.

அவர் ஹாலை எட்டுவதற்கு முன்பே கதவு ஒரு சாண் திறந்து, அட்டெண்டர் வெளியே வந்தார். வெறுங்கால். செருப்பை வாசலில் ஓரமாக விட்டிருந்தார். கதவைத் தனக்குப் பின்னால் ஓசைப்படாமல் சாத்திவிட்டு, கையை நீட்டி, அரைமணியின் இடுப்புச் சாவிக் கொத்தை அப்படியே உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். சாவிகள் நின்றன.

"உள்ள யாரு பாத்துக்கிறா?" என்றார் அரைமணி மூச்சிரைக்க.

"நான்தான் சார். பி.டி. சார் போகும்போது ரெண்டு நிமிஷம் பாத்துக்கோன்னார். அப்புறம் மேடம் அதையே சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் வரலாற்று சாரும் சொன்னார். ஆறு நிமிஷம் ஆகட்டும்னு பாத்தேன், யாரும் வரல. பத்து மணிக்கு நீங்க சொன்ன மாதிரி கையக் காட்டுனேன். எழுத ஆரம்பிச்சுட்டாங்க."

"எத்தன பேரு பிட் அடிச்சாங்க?"

"ஒருத்தரும் இல்ல சார். கேமரா ஓடுது. நானும் கதவோரமா நின்னு பாத்துட்டேதான் இருக்கேன். யாரும் தலையே தூக்கல."

அரைமணி கதவின் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். பேனாக்கள் தாளில் நகரும் சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. இருபத்தாறு வருடத்தில் அந்தச் சத்தத்தை அவர் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். அங்கே கண் நின்றது.

நாற்பத்தேழு எழுதிக்கொண்டிருந்தாள். ஹெட்ஃபோன் பைக்குள் இருந்தது. பக்கத்தில் கூடுதல் தாள் ஒன்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

அவருக்குக் கண் கலங்கியது. அதைவிட அதிகமாக எரிச்சலும் வந்தது.

"இவ எப்ப வந்தா?"

"ஒன்பதரைக்கே வந்துருச்சு சார்."

"வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கே, பாக்கலையா?"

"எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் வந்துச்சு. இதப் பாத்து லைப்ரரிக்குப் போயி, அதப் பாத்து மாடிக்குப் போயி, பாதிப் படியில மேல செவுத்துல துளை போடுற சத்தம் கேட்டுத் திரும்பி வந்துருச்சு. சீட்டிங் பிளான்ல அதோட நம்பர் அடிக்காம அப்படியேதான் இருந்துது, மேசையில வினாத்தாளும் இருந்துது. உக்காரட்டுமான்னு கேட்டுச்சு. உக்காரும்மான்னேன்."

மேலே ஒன்பது பேரில் எட்டுப் பேர் இன்னும் காத்திருக்கிறார்கள். கூரை வழியாக டொக் டொக்கென்று ஒரு நடை கேட்டது. தொண்டையைக் கனைக்கும் சத்தம் ஒன்று இறங்கி வந்தது.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல," என்றார் அரைமணி. குரலை எவ்வளவு தாழ்த்தியும் அது தாழ்வாரத்தில் எதிரொலித்தது. "போன ரெண்டு தடவையும் இதே ஹால்லேர்ந்துதானே எழுந்து போனா? இதே மேசை, இதே ஃபேன், இதே டியூப்லைட், பக்கத்துல இதே பசங்க. எதுவுமே மாறலையே."

"ஆமா சார். எதுவும் மாறல."

"அப்ப இன்னிக்கு மட்டும் எப்படி உக்காந்திருக்கா?"

அட்டெண்டர் அவரையே பார்த்தார். பொத்திய சாவிக் கொத்தை இன்னும் விடவில்லை.

"சரி, விடு. நான் உள்ள போய் அட்டெண்டன்ஸ்ல ஒரு கையெழுத்து வாங்கிட்டு, எல்லாருக்கும் அரை மணி ஆச்சுன்னு சொல்லிட்டு வந்துடுறேன்," என்று அரைமணி கதவில் கை வைத்தார்.

அட்டெண்டர் நகர்ந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார். மரியாதையாகத்தான் நின்றார்.

"கையெழுத்து எல்லாம் நான் வாங்கிட்டேன் சார்," என்றார். "மாடியில அந்தத் தனி அறை ரொம்ப நல்ல ஏற்பாடு. ரெண்டு மணி வரைக்கும் நீங்க எல்லாரும் அங்கயே இருந்துட்டீங்கன்னா, இந்தப் பொண்ணு முழுசா எழுதி முடிச்சிரும்."